ஷின்டோ கோயிலுக்குப் போகேக்க எங்கட கோயில் பழக்கத்தில எதை விடோணும்?

வெள்ளவத்தை_மது:

எல்லாருக்கும் வணக்கம். வாற நவம்பர் நடுப்பகுதியில அம்மா அப்பாவோட ஜப்பான் போறம். டோக்கியோ, கியோட்டோ, கடைசியா ஹிரோஷிமா. அம்மாவுக்குக் கோயில் பார்க்கிறதுதான் முக்கியம். பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்குப் போற மாதிரித் தட்டு, பூ, கற்பூரம் எல்லாம் பெட்டிக்குள்ள வைக்கப் போறன் எண்டு நிக்கிறா.

அங்க சப்பாத்தை எங்க கழட்டுறது? வாசல்ல இருக்கிற தண்ணித் தொட்டி கால் கழுவவோ? காசு எவ்வளவு போடோணும்? அர்ச்சனை மாதிரி ஏதும் செய்விக்கலாமோ? அப்பாவின்ர தமக்கை ஒராள் தவறிட்டா. எங்கட கணக்கில பயணத்துக்கு முதல் துடக்குக் கழிஞ்சிடும், ஆனா அங்கத்தைய கணக்கு வேறயா இருக்குமோ? அப்பாவுக்கு முழங்கால் நோ, கனக்கப் படி ஏறமாட்டார். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை_13:

கற்பூரத்தில தொடங்குவம். அது கெதியாத் தீப்பிடிக்கிற சாமான் எண்டபடியால் விமானத்தில கைப்பைக்குள்ளயும் வைக்கேலாது, பெட்டிக்குள்ளயும் வைக்கேலாது. பூ, வெற்றிலை, மாவிலை, பழம் ஒண்டும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் ஜப்பானுக்குள்ள போகாது, நரித்தாவிலயே மறிச்சு எடுத்துப் போடுவினம். அப்பிடித் தப்பிப் போனாலும் கோயிலில அதுக்கு வேலை இல்லை. ஷின்டோ எண்டுறது ஜப்பானின்ர சொந்தச் சமயம், அந்தக் கோயிலுக்கு வாற சனம் தேங்காய் உடைக்கிறதில்லை, விளக்கு ஏத்துறதில்லை, ஊதுபத்தியும் கொளுத்துறதில்லை. பெரிய சட்டியில ஊதுபத்திப் புகை எழும்பினால் நீங்கள் நிக்கிறது அனேகமாப் பௌத்த கோயில். ஷின்டோ கோயில் கட்டடம் பெரும்பாலும் மரம், சில இடத்தில கூரையும் மரப்பட்டை. நெருப்பைக் கண்டால் அவைக்கு வயித்தைக் கலக்கும்.

அம்மாவுக்கு முதலே சொல்லி வைக்கவேண்டிய இன்னொண்டு, அங்க மூர்த்தியைக் காணேலாது. நீங்கள் முன்னால நிண்டு கும்பிடுற மண்டபத்துக்கு ஹைடென் எண்டு பேர். அதுக்குப் பின்னால பூட்டியிருக்கிற ஹொன்டென்தான் மூலஸ்தானம். உள்ள இருக்கிறது ஒரு கண்ணாடியா இருக்கலாம், வாளா இருக்கலாம், கல்லா இருக்கலாம். பொதுவா ஒருத்தரும் பார்க்கிறதில்லை. திரை விலகும், தீபம் காட்டுவினம் எண்டு காத்து நிண்டால் பின்னால வரிசைதான் நீளும். வீதி சுத்துற வழக்கமும் இல்லை. நேர முன்னால போய், அரை நிமிசம் நிண்டு, திரும்பி வாறதுதான் முழு வழிபாடும். எங்கட ஆக்களுக்கு இது சப்பெண்டு போகும். அதனால அந்த அரை நிமிசத்துக்கு முன்னால இருக்கிற சடங்குகளை ஆறுதலாச் செய்யுங்கோ, அதுக்குள்ளதான் விசயம் இருக்கு.

சப்பாத்து கழட்டக் கூடாது. தோரி எண்டுற அந்த வாசல் வளைவிலயும் இல்லை, ஹைடென் முன்னாலயும் இல்லை. ஹைடென் உள்ளுக்க ஏறினால் மட்டும் கழட்டோணும், அதுக்கு வாறன். வழியெல்லாம் உருண்டைச் சரளைக்கல், வெறுங்காலோட நடக்கிற சனம் ஒருத்தரும் இல்லை. தோரிக்கு முன்னால ஒருக்கா நிண்டு தலையை இலேசாச் சாய்ச்சிட்டு உள்ள போங்கோ. நடக்கேக்க வழியின்ர நடுப்பகுதியை விட்டு ஓரமா நடக்கோணும், நடு தெய்வத்தின்ர பாதை எண்டு கணக்கு. வெளிய வரேக்கயும் தோரியைத் தாண்டினதும் திரும்பி நிண்டு ஒருக்காத் தலை சாய்க்கிறது முறை. ஆம்பிளையள் சேட்டுக் கழட்டிற கதையே இல்லை. தொப்பி இருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கோ.

தண்ணித் தொட்டி கால் கழுவ இல்லை, கைக்கும் வாய்க்கும்தான். அகப்பையை வலக்கையால எடுத்து ஒருக்கா நிறைய மொண்டு கொள்ளுங்கோ. அந்த ஒரு அகப்பைத் தண்ணியிலதான் எல்லாம் முடியோணும், திரும்பத் திரும்ப மொள்ளுறேல்ல. முதல் இடக்கையைக் கழுவி, அகப்பையை இடக்கைக்கு மாத்தி வலக்கையைக் கழுவி, திரும்ப வலக்கைக்கு மாத்தி, இடது உள்ளங்கையில கொஞ்சம் ஊத்தி அதால வாய் கொப்பளிக்கோணும். இடக்கைத் தண்ணியை வாயில விட அம்மாவுக்கு மனம் கூசும், தெரியும். ஆனால் வலக்கை அகப்பையைப் பிடிச்சிருக்கிறபடியால் அங்க முறை அப்பிடித்தான். வாய் பட்ட இடக்கையைத் திரும்பக் கழுவி, கடைசியா அகப்பையை நிமித்திப் பிடிச்சால் மிச்சத் தண்ணி காம்பு வழிய ஓடி, அடுத்த ஆள் பிடிக்கிற இடமும் கழுவுப்படும். பேந்து கவிட்டு வைக்கிறது.

இதில பிழைக்கிற இடம் ரெண்டு. அகப்பையில நேர வாய் வைக்கிறது ஒண்டு. கழுவின தண்ணியைத் தொட்டிக்குள்ளயே விடுறது மற்றது. தொட்டிக்கு இங்கால, காலடியில கல்லுப் போட்ட வாய்க்கால் ஒண்டு இருக்கும், எல்லாம் அதுக்குள்ள விழோணும். துப்பேக்க குனிஞ்சு, கையால மறைச்சு. வாய் கொப்பளிக்க விருப்பமில்லை எண்டால் கையோட விட்டாலும் ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம். 2020இல கொரோனா வந்தாப்பிறகு கன கோயில்களில அகப்பையை எடுத்துப்போட்டு மூங்கில் குழாயால தண்ணி ஓட விட்டிருக்கினம். அங்க அதே ஒழுங்கில குழாய்க்குக் கீழ கையைப் பிடியுங்கோ. தொட்டி நிறையப் பூ மிதக்க விட்டிருந்தால் அது பார்க்க மட்டும். கை துடைக்கக் கடதாசி ஒரு இடத்திலயும் வைக்கமாட்டினம். ஆளுக்கொரு லேஞ்சி சட்டைப்பையில இருக்கட்டும்.

சந்நிதியில ஒழுங்கு இதுதான். காசுப் பெட்டிக்கு முன்னால தலை சாய்ச்சு, காசை மெல்லமாப் போட்டு, மணிக்கயிறு இருந்தால் ஆட்டி, ரெண்டு தரம் இடுப்பு வரைக்கும் குனிஞ்சு எழும்பி, ரெண்டு தரம் கைதட்டி, கும்பிட்ட கையோட மனதுக்குள்ள சொல்லவேண்டியதைச் சொல்லி, கடைசியா ஒருக்காக் குனியிறது. தட்டேக்க வலக்கையைக் கொஞ்சம் கீழ இறக்கித் தட்டோணும், கும்பிடேக்க விரல் நுனியளைச் சேர்த்துக் கொள்ளோணும். மனதுக்குள்ள முதல் பேரையும் ஊரையும் சொல்லிப்போட்டு நன்றி சொல்லி, பேந்துதான் கேக்கிறது. எங்கட அர்ச்சனையிலயும் பேர் சொல்லித்தானே தொடங்கிறம். எல்லா இடமும் ரெண்டு தட்டு இல்லை. இசுமோ தைஷாவில நாலு தட்டு, கியூஷுவில இருக்கிற உசா ஜிங்கூவிலயும் நாலு. உங்கட வழியில இந்த ரெண்டும் வராது. விழுந்து கும்பிடுறது, தோப்புக்கரணம் எல்லாம் வேண்டாம்.

காசு உங்கட விருப்பம். நடுவில ஓட்டை உள்ள 5 யென் குத்தி நல்ல உறவைக் கொண்டுவரும் எண்டு போடுவினம். ஆனா ஒரு யென்னும் அஞ்சு யென்னுமாக் குவிஞ்சால் கோயிலுக்குத்தான் தலையிடி. ஜப்பான் தபால் வங்கி 2022 ஜனவரியில இருந்து சில்லறை வைப்புச் செய்யக் கட்டணம் எடுக்குது. அதனால ஒரு 50 அல்லது 100 யென் குத்தி போட்டால் எங்கட காசில 100, 200 ரூபா சொச்சம், மனதுக்கும் நிறைவு. எறியிறது, சுண்டி விடுறது கூடாது. சில்லறைக்கு எண்டு ஆரும் மாத்தித் தரமாட்டினம், முதல் நாளே கடையில தண்ணிப் போத்தல் வாங்கி 1000 யென் நோட்டை உடைச்சு வையுங்கோ.

துடக்கு: அங்கயும் இருக்கு. வீட்டில சாவு நடந்தால் 50 நாள் வரைக்கும் தோரிக்கு உள்ளுக்க போகாமல் விடுறது மரபு. எங்கட 31ஐ விட அவையின்ர கணக்குக் கூட. ஆனால் அது கிட்டின சொந்தத்துக்குத்தான் இறுக்கமா இருக்கும், வீடு வேற எண்டால் நாள் குறையும். வாசலில நிண்டு ஒருத்தரும் கேக்கப் போறதில்லை. அப்பாவுக்கு மனம் ஒப்பேல்ல எண்டால் தோரிக்கு வெளிய நிண்டு கும்பிடலாம், இல்லாட்டி 50 நாள் கழிய வாற கோயிலை மட்டும் உள்ள போய்ப் பார்க்கலாம். பௌத்த கோயிலுக்கு இந்தத் தடை இல்லை.

ரிஸ்வி_தெகிவளை:

இடையில் ஒரு கேள்வி. எங்கள் குடும்பம் கும்பிடப் போவதில்லை, கட்டடத்தையும் காட்டையும் பார்க்க மட்டும்தான் விருப்பம். அப்படிப் போவது மரியாதைக் குறைவா? கை கழுவும் சடங்கைச் செய்யாவிட்டால் உள்ளே விடமாட்டார்களா?

பயணப்பை:

ரிஸ்வி நானா, தாராளமாகப் போகலாம். தோரியில் தலை சாய்க்கவும் வேண்டாம், தண்ணீர்ப் பக்கமே போகவும் வேண்டாம், யாரும் கேட்கமாட்டார்கள். காசுப் பெட்டிக்கு நேர் முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள், அவ்வளவுதான். உள்ளே பூசை செய்வித்தால் முடிவில் சிறு கிண்ணத்தில் அரிசி மது தருவார்கள். நீங்கள் அதில் சேரப் போவதில்லை என்பதால் பிரச்சினை இல்லை. வெள்ளவத்தை மதுவின் வீட்டார் அதை வாங்கி உதட்டில் தொட்டுவிட்டு வைத்தாலும் போதும், கையசைத்து வேண்டாம் என்றாலும் கோபிக்கமாட்டார்கள்.

படம் எடுக்கும் விசயத்தில்தான் நம் ஆட்கள் மாட்டுப்படுவது. முற்றம், தோரி, மரம் எல்லாம் எடுக்கலாம். ஹைடென் உள்பக்கத்தை நேருக்கு நேர் எடுப்பதைப் பல கோயில்களில் தடுத்திருக்கிறார்கள், பலகையில் கமரா மேல் கோடு போட்டிருக்கும். நீங்கள் போகும் நவம்பர் நடுப்பகுதி மூன்று, ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிவரும் காலம், அதன் நாள் நவம்பர் 15. கிமோனோ உடுத்த குழந்தைகள் எங்கும் நிற்பார்கள். பார்க்க வடிவுதான், ஆனால் பெற்றோரைக் கேட்காமல் கைபேசியைத் தூக்கக் கூடாது. கல்யாண ஊர்வலத்துக்கும் இதே கதைதான்.

இனி இடங்கள். மது, அப்பாவின் முழங்காலுக்கு டோக்கியோவில் மெய்ஜி ஜிங்கூதான் தோது. ஹராஜுகு ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. பேரரசர் மெய்ஜிக்கும் பேரரசி ஷோக்கெனுக்கும் 1920இல் கட்டியது. சுற்றியுள்ள காடு தானாக வளர்ந்தது போலத் தெரியும், ஆனால் நாடு முழுவதிலிருந்தும் வந்த ஏறக்குறைய ஒரு லட்சம் மரங்களை நட்டு உண்டாக்கியது. வழியில் நிற்கும் பெரிய தோரி 12 மீற்றர் உயரம், தாய்வானிலிருந்து வந்த சைப்பிரஸ் மரத்தால் 1975இல் திரும்பச் செய்தது. வழி பெரும்பாலும் சமதரை, ஆனால் சரளை. தள்ளுவண்டியும் சூட்கேசும் புதையும், பெட்டியை ஸ்டேஷன் லொக்கரில் போட்டுவிட்டு வாருங்கள். சந்நிதி முற்றத்தில் கயிறு கட்டிச் சேர்த்த இரண்டு கற்பூர மரங்கள் சோடியாக நிற்கின்றன. அம்மா கொண்டுவர முடியாத கற்பூரத்தை அங்கே மரமாகவே கும்பிடலாம்.

மெய்ஜி ஜிங்கூ சூரியன் எழும்போது திறந்து மறையும்போது மூடும் கோயில். கொழும்பில் வருடம் முழுக்க ஆறு, ஆறேகாலுக்கு இருட்டுவதைப் பார்த்துப் பழகியவர்கள் இதில் ஏமாந்து போவார்கள். நவம்பரில் டோக்கியோவில் நாலரைக்கே வெளிச்சம் போய்விடும், நாலு மணி தாண்டியதும் வாசலைச் சாத்திவிடுவார்கள். காலையில் போங்கள். மற்றக் கோயில்களிலும் முற்றம் திறந்திருந்தாலும் காப்பு, ஓலை, முத்திரை கொடுக்கும் கருமபீடம் அனேகமாக ஒன்பதுக்குத் திறந்து நாலு அல்லது ஐந்துக்கு மூடும்.

கியோட்டோவில் ஃபுஷிமி இனாரி. அனுமதிச் சீட்டும் இல்லை, மூடும் நேரமும் இல்லை. கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து ஜேஆர் நாரா பாதையில் இரண்டாவது தரிப்பு, 150 யென். பிழை நடப்பது இங்கேதான். அதே மேடையில் முதலில் வருவது வேக ரயில் என்றால் அது இனாரியில் நிற்காமல் தாண்டிப் போய்விடும். ஒவ்வொரு தரிப்பிலும் நிற்கும் லோக்கல் ரயிலைப் பார்த்து ஏறுங்கள். காலை ஏழு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் தோரி வரிசைக்குள் ஆளில்லாமல் நடக்கலாம், ஒன்பது தாண்டினால் தேர்முட்டிக் கூட்டம்.

மலை 233 மீற்றர்தான், சுற்றுப்பாதை ஏறக்குறைய 4 கிலோமீற்றர், ஆனால் எல்லாம் படி. முழுவதும் சுற்ற இரண்டு, மூன்று மணித்தியாலம் போகும். அப்பாவை அடிவாரச் சந்நிதியும் அதை ஒட்டிய இரட்டைத் தோரி வரிசையும் தாண்டி, பின்னால் உள்ள சிறு கோயில் வரைக்கும் கூட்டிப்போய்த் திரும்புங்கள், பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். அந்தச் சிறு கோயிலில் கல்விளக்கின் மேல் இரண்டு உருண்டைக் கற்கள் உண்டு. நினைத்ததைச் சொல்லித் தூக்கினால், எதிர்பார்த்ததைவிடப் பாரம் குறைவாகத் தெரிந்தால் நிறைவேறும், கூடத் தெரிந்தால் கஷ்டம் என்று நம்பிக்கை. சாறியோடு வரலாம், மலை ஏறுவதானால் மட்டும் சல்வார்தான் வசதி.

ஏறும்போது தோரிகள் வெறும் செம்மஞ்சளாகத் தெரியும், இறங்கும்போது அதே தூண்களில் கறுப்பு எழுத்து நிறைந்திருக்கும். கொடுத்தவரின் பெயரும் நாளும் பின்பக்கத்தில்தான் எழுதுவார்கள். எழுத்து வேண்டுமென்றால் இறங்கும்போது படம் எடுங்கள். தூணின் அடிப்பக்கத்தையும் குனிந்து பாருங்கள். மரம் மண்ணைத் தொடும் இடத்தில் உக்கத் தொடங்கும், சில தோரிகளில் ஒட்டுப் போட்டிருக்கும், சில இடத்தில் கழற்றிய வெறும் குழி தெரியும். மலையில் எப்போதும் ஏதோ ஒன்றை மாற்றிக்கொண்டுதான் இருப்பார்கள். வாயில் சாவியும் கதிர்க்கட்டும் கவ்விய நரிகள் தெய்வம் இல்லை, இனாரி என்ற தெய்வத்தின் தூதர்கள்.

ஹிரோஷிமாவில் ஒரு நாள் இருந்தால் மியாஜிமா தீவில் இட்சுகுஷிமா. ரயிலில் அரை மணித்தியாலத்துக்குள் மியாஜிமாகுச்சி, அங்கிருந்து வள்ளத்தில் பத்து நிமிடம். 2023 ஒக்டோபரிலிருந்து தீவுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் 100 யென் வரி சேர்த்து எடுக்கிறார்கள். கோயிலுக்குள் போகத் தனியாக 300 யென். இங்கே எல்லாமே வற்றுப் பெருக்கில்தான் தங்கியிருக்கிறது. நீர்மட்டம் 250 சென்ரிமீற்றருக்கு மேலே இருந்தால் தோரியும் மண்டபமும் கடலில் மிதப்பது போலத் தெரியும். 100க்குக் கீழே இறங்கினால் தோரியின் அடி வரைக்கும் நடந்து போகலாம். இடைப்பட்ட நேரத்தில் போனால் சேறுதான். பெருக்குக்கும் வற்றுக்கும் இடையில் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம், இரண்டையும் பார்க்க வேண்டுமென்றால் காலையில் போய்ப் பின்னேரம் வரைக்கும் நில்லுங்கள். நேர அட்டவணை இணையத்தில் கிடைக்கும். நாள் தெரிவு செய்ய வீட்டுக் கலண்டரே போதும். போயாவையும் அமாவாசையையும் ஒட்டி வரும் நாட்களில் ஏற்றமும் இறக்கமும் ஆகக் கூட.

இப்போதிருக்கும் கடல் தோரி 1875இல் நிறுத்தியது, பெரிய இரண்டு தூணும் கற்பூர மரம். கடலடியில் ஆழமாக நாட்டவில்லை, தன் பாரத்தில்தான் நிற்கிறது. வற்றில் நடந்து போகிறவர்கள் வெடிப்புக்குள் குத்திக்காசைச் செருகிவிட்டு வருவார்கள், அது மரத்தைத்தான் கெடுக்கும். செருகாதீர்கள். கோயில் நடைபாதைப் பலகைகளுக்கிடையில் இடைவெளி விட்டிருப்பது பெருக்கில் தண்ணீர் மேலே வந்து வடிவதற்காக. குதி உயர்ந்த செருப்பு அதற்குள் மாட்டும், அம்மாவிடம் தட்டையானதைப் போடச் சொல்லுங்கள். தீவில் மான்கள் அலைந்து திரியும், கையில் உள்ள சீட்டையும் வரைபடத்தையும் இழுத்துச் சாப்பிட்டுவிடும்.

மரக்கறி_மட்டும்:

மது, ஃபுஷிமி இனாரி வாசலில விக்கிற இனாரி சூஷியை ஆரும் சைவம் எண்டு சொல்லித் தந்தால் நம்பாதேங்கோ. வெளியில தெரியிறது பொரிச்ச தோஃபு, உள்ளுக்க சோறு, மீன் ஒண்டும் கண்ணில படாது. ஆனா அந்தத் தோஃபுவை அவிக்கிற சாறில அனேகமாக் காஞ்ச மீன் சீவல் போட்டிருப்பினம். கிட்சுனே ஊடோன் எண்டுற நூடில்ஸின்ர சூப்பும் அதே. மேல தோஃபு மிதந்தால் சைவம் ஆகாது. கடையில கேக்கிறதெண்டால் "கட்சுவோ தாஷி" இருக்கோ எண்டு கேளுங்கோ, "மீன் இருக்கோ" எண்டு கேட்டால் இல்லை எண்டுதான் சொல்லுவினம், ஏனெண்டால் அவைக்குச் சாறு மீன் கணக்கில இல்லை. மியாஜிமாவில விக்கிற மேப்பிள் இலை வடிவப் பணியாரத்தில முட்டை இருக்கும்.

பயப்பிடாமல் வாங்கக்கூடியது சுட்ட வத்தாளங்கிழங்கு, சுட்ட கஸ்தான் கொட்டை, சிவப்பு அவரைப் பசை வைச்ச மோச்சி எண்டுற அரிசிப் பலகாரம். குளிருக்கு அமசாகே எண்டுற இனிப்பு அரிசிப் பானம் நல்லது, ஆனா அரிசி நொதியில செய்ததோ மது வடிச்ச சக்கையில செய்ததோ எண்டு கேட்டு வாங்குங்கோ. முதலாவதில மது இல்லை. கோயில் முற்றத்துக்குள்ள நடந்துகொண்டு சாப்பிடாமல் கடைவாசலிலயே நிண்டு முடிச்சிட்டுப் போங்கோ. குப்பைத் தொட்டி வெளியில அருமை, வாங்கின கடையிலயே குச்சியைக் குடுத்திடலாம்.

வெள்ளவத்தை_மது:

எல்லாருக்கும் நன்றி. அம்மா கற்பூரத்தைத் திரும்பச் சாமி அறையில வைச்சிட்டா. அர்ச்சனை பற்றி மட்டும் இன்னும் விளக்கமாச் சொல்லேலுமே கொட்டாஞ்சேனை அண்ணை? அப்பாவின்ர சுகத்துக்காக ஏதும் செய்விக்கோணும் எண்டு அவ விடுறா இல்லை. சாமி படம் ஏதாவது வீட்டுக்குக் கொண்டுவரலாமோ?

கொட்டாஞ்சேனை_13:

இருக்கு தங்கச்சி, கிதோ எண்டு பேர். அதுக்கு மட்டும்தான் ஹைடென் உள்ளுக்க ஏறுறது, அதுக்கு மட்டும்தான் சப்பாத்துக் கழட்டுறது. ஓட்டையில்லாத சொக்ஸ் போட்டுக்கொண்டு போங்கோ, வெறுங்கால் அழகில்லை.

கோயில் அலுவலகத்தில ஒரு படிவம் தருவினம். பேர், விலாசம், என்னத்துக்காக எண்டு எழுதோணும். நட்சத்திரமும் கோத்திரமும் கேக்கமாட்டினம். குடும்ப நலம், நோய் தீர, பரீட்சை, வீதிப் பாதுகாப்பு எண்டு வகை பிரிச்சிருக்கும், அதில ஒண்டைத் தெரிவு செய்யிறது. காணிக்கை வழக்கமா 5000 யென்னில தொடங்கும், பெரிய கோயில்களில 10,000 எண்டும் படி வைச்சிருப்பினம். கசங்காத நோட்டா, வெள்ளைக் கவருக்குள்ள வைச்சுக் குடுத்தால் மரியாதை. கார்ட் எடுக்கிற இடம் குறைவு. பெரிய கோயிலில நேர அட்டவணைப்படி கன குடும்பத்தை ஒண்டாச் சேர்த்துச் செய்வினம். நவம்பர் சனி, ஞாயிறில பிள்ளையளின்ர கூட்டம் நிறைஞ்சு வழியும், ஒரு கிழமை நாளில காலமை போங்கோ. அப்பா நிலத்தில இருக்க ஏலாது எண்டால் முதலே "இசு" எண்டு கேளுங்கோ, கதிரை தருவினம்.

உள்ளுக்க 20, 30 நிமிசம். பூசகர் வெள்ளைக் கடதாசித் தோரணம் கட்டின கோலை உங்கட குனிஞ்ச தலைக்கு மேல வலமும் இடமுமா வீசுவார், அது சுத்தி செய்யிறது. பேந்து நோரிதோ எண்டுற மந்திரத்தைப் பழைய ஜப்பானிய மொழியில இழுத்து ஓதுவார். நடுவில உங்கட பேரும் விலாசமும் வரும். வெள்ளவத்தை எண்டதை எப்பிடி உச்சரிக்கப் போறாரோ தெரியாது, படிவத்தில எழுதேக்க அலுவலகப் பிள்ளைக்கு மெதுவா ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோ, அவ கத்தகானாவில, வெளிநாட்டுப் பேர் எழுதுற ஜப்பான் எழுத்தில, எழுதி விடுவா.

பேந்து ஒவ்வொருத்தருக்கும், அல்லது குடும்பத்துக்கு ஒராளுக்கு, சக்காகி எண்டுற மரத்தின்ர சின்னக் கொப்பு தருவினம். இதிலதான் வெளியூர் ஆக்கள் முழிக்கிறது. வலக்கையால காம்பை மேல இருந்து பிடிச்சு, இடக்கையால இலைப் பக்கத்தைக் கீழ இருந்து தாங்கி, நெஞ்சு மட்டத்தில கொண்டுபோங்கோ. பீடத்துக்கு முன்னால நிண்டு மணிக்கூட்டு முள் போற பக்கமாத் திருப்பினால் காம்பு உங்களைப் பார்க்கும். அப்பிடிப் பிடிச்சு வேண்டிக்கொண்டு, இன்னும் அதே பக்கமாத் திருப்பினால் காம்பு தெய்வத்தைப் பார்க்கும். அப்பிடியே பீடத்தில வைக்கோணும். இலை நுனி எங்கட பக்கம், காம்பு சாமி பக்கம். அதை மட்டும் ஞாபகம் வைச்சால் காணும். வைச்சதும் வழமையான ரெண்டு குனி, ரெண்டு தட்டு, ஒரு குனி. முன்னால ஒரு ஜப்பான் குடும்பம் இருந்தால் அவையைப் பார்த்துச் செய்யுங்கோ.

சாமி படம் எண்டு ஒண்டும் கிடையாது. ஓஃபுதா எண்டு கோயில் பேர் எழுதின கடதாசி அல்லது பலகை தருவினம். கிதோவில அனேகமா அதுவும் சேர்ந்து வரும். வீட்டில கண் மட்டத்துக்கு மேல, சுத்தமான தட்டில, தெற்கையோ கிழக்கையோ பார்க்க வைக்கோணும். உங்கட சாமி அறையிலயே வைக்கலாம், விளக்குப் புகை படாமல் கொஞ்சம் தள்ளி. பைக்குள்ள கொண்டு திரியிற காப்பு ஓமமோரி. பட்டுத் துணிப் பையின்ர முடிச்சை அவிட்டுப் பார்க்கக் கூடாது, அவிட்டால் காப்பின்ர பலன் போயிடும் எண்டு சொல்லுவினம். ரெண்டையும் ஒரு வருசத்தில வாங்கின கோயிலுக்குத் திருப்பிக் குடுக்கிறது வழக்கம், அவை எரிச்சுக் கழிப்பினம். கொழும்பில இருந்து போறது நடக்காத காரியம். தபாலில எடுக்கிற கோயில்களும் இருக்கு, வாங்கேக்கயே கேட்டு வையுங்கோ.

அம்மாவுக்குத் தன்ர கையால ஏதும் செய்யோணும் எண்டு இருந்தால் எமா வாங்கிக் குடுங்கோ. ஒரு சின்னப் பலகை, 500 இலிருந்து 1000 யென்னுக்குள்ள. பின்பக்கத்தில தமிழிலயே எழுதித் தொங்கவிடலாம். முழுப் பேரும் வீட்டு இலக்கமும் எழுத வேண்டாம், வாற போற எல்லாரும் படம் எடுத்துப் போடுவினம். ஓமிகுஜி சீட்டு எடுத்துக் கூடாத பலன் வந்தால் மரக் கொப்பில கட்டாமல் அதுக்கெண்டு கட்டியிருக்கிற கம்பியில கட்டுங்கோ. மெய்ஜி ஜிங்கூவில நல்லது கூடாதது எண்டே வராது, பேரரசரும் பேரரசியும் எழுதின பாட்டு ஒண்டும் அதின்ர விளக்கமும்தான் வரும், ஆங்கிலத்திலயும் இருக்கு. அம்மாவுக்கு அதுதான் நல்லது.

ஜிந்துப்பிட்டி_வீணை:

ஒருவரும் சொல்லாத ஒன்று. அம்மாவுக்குத் தெரிந்த தெய்வங்கள் அங்கேயும் இருக்கிறார்கள், பௌத்தத்தோடு போய்ச் சேர்ந்தவர்கள். பென்சாய்தென் என்பது நம் சரஸ்வதி, கையில் வீணைக்குப் பதில் பிவா என்ற தந்தி வாத்தியம். 1868இல் அரசு ஷின்டோவையும் பௌத்தத்தையும் பிரித்தபோது பல இடங்களில் பெயர் மாறியது. மியாஜிமாவில் இருந்த பென்சாய்தென் பக்கத்திலுள்ள தைகான்ஜி என்ற பௌத்த கோயிலுக்குப் போனது அப்போதுதான். இட்சுகுஷிமா வாசலிலிருந்து வெளியே வரும் இடத்திலேயே அது இருக்கிறது, தவறவிடாதீர்கள். அங்கே கை தட்டக் கூடாது, சத்தமில்லாமல் கும்பிடுங்கள்.

சரஸ்வதியை நேரில் காண வேண்டுமென்றால் டோக்கியோவிலிருந்து எனோஷிமா. ஷின்ஜுகுவில் ஒடக்கியு ரயில் ஏறிக் கடசே எனோஷிமாவில் இறங்கி, பாலத்தால் நடந்து தீவுக்குப் போவது. எட்டுப் பக்கமுள்ள சிறு மண்டபத்துக்குள் எட்டுக் கை உள்ள ஒரு வடிவமும், பிவா வாசிக்கும் இன்னொரு வடிவமும் இருக்கின்றன. இரண்டாவது ஆடையில்லாத சிலை, அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கமகுராவில் செனியராய் பென்சாய்தென் என்று ஒரு குகைக் கோயில், ஊற்றுத் தண்ணீரில் காசு கழுவுவார்கள். தோரி இருக்கும், ஆனாலும் மெழுகுதிரியும் ஊதுபத்தியும் கொளுத்துவார்கள், மேலே அண்ணா சொன்ன விதிக்கு இது விலக்கு. வாசலில் திரியோடு ஒரு சிறு பிரம்புக் கூடை தருவார்கள், குத்திக்காசை அதில் போட்டு நனைப்பது. நோட்டு என்றால் ஓரத்தை மட்டும் நனைத்தால் போதும். கழுவிய காசைப் பூட்டி வைக்கக் கூடாது, நல்ல காரியத்துக்குச் செலவழிக்க வேண்டும். கமகுரா ஸ்டேஷனிலிருந்து இருபது, இருபத்தைந்து நிமிட நடை, கடைசிப் பகுதி செங்குத்தான ஏற்றம். அப்பாவுக்கு வாகனம் பிடியுங்கள்.

பிள்ளையாருக்கு அசகுசாவில் மட்சுச்சியாமா ஷோதென். அதுவும் பௌத்த கோயில். மோதகம் இல்லை, முள்ளங்கிதான் படையல், கோயிலிலேயே வாங்கி வைக்கலாம். முள்ளங்கியும் பணப்பையும் சுவர், விளக்கு, படி என்று எல்லா இடத்திலும் செதுக்கியிருக்கும். மூர்த்தியை அங்கேயும் காட்டமாட்டார்கள்.

பயணப்பை:

வீணை அக்கா சொன்ன எனோஷிமாவில் படி அதிகம். மேலே ஏற மட்டும் காசு கொடுத்துப் போகும் நகரும் படிக்கட்டு உண்டு, இறங்க இல்லை. எட்டுப் பக்க மண்டபம் முதல் கட்டத்துக்குள்ளேயே வந்துவிடுவதால் அப்பா அதோடு நின்று, வந்த வழியே கைபிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கலாம். அதற்கு மேலே ஏறினால் திரும்பும் வழி முழுக்கத் தன் காலில்தான்.